கவிழ்த்து வைத்த டம்ளர்

இந்த நாட்டில் பாத்திரங்களைக் கழுவுவதில்லை, குளிப்பாட்டுகிறார்கள். அதுவும் எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில். குழாயடியில் ஒரு பேசின், அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதன் தலையில் ஒரு கரண்டி சோப்புத் தூள். முதலில் கண்ணாடி டம்ளர்கள் இறங்கும். பின்னாலேயே கப்புகள், நாலு பேர் வாய்க்குள் போய்வந்த முட்கரண்டிகள், மிச்சம் ஒட்டிய தட்டுகள், கடைசியாக ஆட்டுக் கொழுப்பு உறைந்துபோன வாணலி. நடுவில் யாராவது ஒரு கப்பைக் கொண்டுவந்து நீட்டினால் அதுவும் வாணலிக்குப் பக்கத்தில் முங்கி எழும். தண்ணீர் சாம்பல் நிறமாகியிருக்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நுரை வழிய வழிய ஒரு துண்டால் துடைத்து அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலச வேண்டும் என்ற எண்ணமே இவர்களுக்கு உதித்ததில்லை. தண்ணீர்ப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. குழாயைத் திருப்பினால் கொட்டுகிறது, தலைக்கு மேலே வானத்திலிருந்து வருஷம் முழுக்கக் கொட்டுகிறது. பாதி உலகத்தைக் கட்டி ஆண்டவர்களுக்கு ஒரு டம்ளரை அலசத் தெரியாது என்பதை லீட்ஸ் நகரத்துக்கு வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். வந்து எட்டு வருஷம் ஆகப் போகிறது. அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள இவர்கள் எனக்கு ஒரு காரணமும் தரவில்லை.

இதை அச்சில் படிக்கப்போகிற திருச்சி வாசகர்கள், 'பையன் பாலம் கட்டப் படிக்கிறேன் என்று போனான், பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறானே' என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். நான் புறப்பட்ட அன்று ஜங்ஷனில் வந்து நின்றவர்களும் நீங்கள்தான். கொள்ளிடத்தைத் தாண்டியறியாத என் சித்தப்பா, லண்டனில் எந்தத் தெருவில் யாரிடம் ஏமாறக் கூடாது என்று ரயில் கிளம்பும்வரை எனக்குப் பாடம் நடத்தினார். நான் போவது லண்டனுக்கு இல்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. மாலை போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு யாரென்றே தெரியாதவர்கள். கடல் தாண்டிப் போகிறவனைப் பார்ப்பது அந்தக் காலத்தில் செலவில்லாத ஒரு வேடிக்கை. முதல் ஆளாக வந்து மாலை போட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, 'அவ்வளவுதான், இனிமேல் அவன் ஆசாரம் போச்சு' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறவர்கள் நம்மவர்கள்.

அம்மா மட்டும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் நான் சேவித்து எழுந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ என்ன வேணும்னாலும் படிடா சௌந்து. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருந்துட்டு வா. ஆனா போறாப்பலயே திரும்பி வரணும். அந்த ஊர்ல எச்சல் பார்க்க மாட்டான்னு சொல்றா. அது ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ."

"பார்த்துக்கறேம்மா" என்றேன். அப்பா இல்லாத வீட்டில் என்னையும் அண்ணாவையும் ஆளாக்கியவள் அவள். அவள் சமைக்கிற தளிகை உள்ளுக்குள், அவள் கையால் பரிமாற, முன்போலவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் திரும்பி வருவதென்றால் எனக்கு அதுதான் அர்த்தம். பட்டம், உத்தியோகம் எல்லாம் அதற்குப் பிறகு. அண்ணா ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, மலைக்கோட்டைக் கடைத்தெருவில் என் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தான். பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் பெட்டி பம்பாய்த் துறைமுகத்திலேயே காணாமல் போயிற்று. ஆக, வெறுங்கையோடும் ஒரு வாக்குறுதியோடும் கப்பல் ஏறினேன்.

ஜமாலைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். திருச்சியில் காலேஜில் நான்கு வருஷம் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் அத்தா என்று கூப்பிடும் தகப்பனாருக்குத் தோல் மண்டி. கணக்கில் நான் கெட்டி, கெமிஸ்ட்ரியில் அவன். சனிக்கிழமை தவறாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் ஸ்ரீரங்கத்துக்கு வருவான். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் ரேழியில் இருவரும் உட்கார்ந்து படிப்போம். அதற்கு உள்ளே அவன் வந்ததில்லை. வரச் சொன்னதுமில்லை. ரேழிச் சுவரில் ஒரு மாடம். அதில் நசுங்கிய பித்தளை டம்ளர் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். வெளி ஆட்களுக்கு என்று வைத்த டம்ளர். எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரமே கிடையாது என்றேனே, இதைச் சேர்க்காமல்தான் சொன்னேன். அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து, டம்ளரில் பட்டுவிடாமல் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஜமால் அண்ணாந்து தூக்கிக் குடிப்பான். அதை எங்களிடம்தான் கற்றுக்கொண்டான். பிறகு வாசல் குழாயில் தானே டம்ளரை அலம்பி மாடத்தில் கவிழ்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடருவான். நான்கு வருஷமும் இப்படித்தான். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. வீட்டுத் தூண் தினமும் கண்ணிலா படுகிறது?

அம்மாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அவன் தங்கைக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பாள். நார்த்தங்காய் ஊறுகாயை வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். பிரியத்துக்கும் டம்ளருக்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

நான் அவன் வீட்டுக்குப் போனால் நடப்பது வேறு. அவன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "ஐயர் வூட்டுப் புள்ளை வந்திருக்கு, சோடா வாங்கியாரச் சொல்லுப்பா" என்பார்கள். ஐயங்கார்கள் குடியிருக்கும் எங்கள் வீதியில் போய் எங்களை ஐயர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அங்கே நான் திருத்தியதில்லை. கோலி சோடா வரும். அவர்கள் வீட்டு விரல் படாமல், கடைக்காரரே வந்து என் கண் முன்னால் உடைத்துக் கொடுப்பார். எனக்காக இவ்வளவு யோசித்துச் செய்கிறார்களே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெயிலுக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு குடித்தேன்.

எனக்கு ஒரு வருஷம் முன்னதாகவே ஜமால் லீட்ஸுக்கு வந்துவிட்டான், தோல் பதனிடும் படிப்புக்காக. நான் வருவதாக எழுதியதும் எனக்கு அறை தேடி அலைந்தவன் அவன்தான். ஜன்னலுக்கு ஜன்னல் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். அதன் அடியிலேயே, கறுப்பர்களுக்கு இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். நாய்களுக்கு இல்லை என்பதும் அதே வரியில் வரும். "நாய் மேலடா, அதுக்குப் படிக்கத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான் ஜமால். மூன்று நாள் அலைந்து, நாற்பது கதவு தட்டி, மிஸஸ் பார்க்கர் என்ற விதவையின் மாடியறையை எனக்குப் பிடித்து வைத்திருந்தான். அவன் இருந்தது ஊரின் அடுத்த கோடியில் ஒரு ஹாஸ்டலில். "உனக்குச் சுத்தம் முக்கியமாச்சே. அந்தம்மா வூடு பளிச்சுனு இருக்குது" என்றான்.

பளிச்சென்றுதான் இருந்தது. வாசற்படியைக்கூட முட்டி போட்டுத் தேய்த்து வெள்ளைக் கல்லால் கோடு போடுகிற பெண்மணி அவள். வாசற்படிக்கு இருந்த அதிர்ஷ்டம் பாத்திரங்களுக்கு இல்லை, அவள் உடம்புக்கும் இல்லை. குளியல் வெள்ளிக்கிழமைதான். தினமும் காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்த என்னைப் பார்த்து ஏதோ வியாதி என்று முடிவு கட்டி, டாக்டர் விலாசம் எழுதிக் கொடுத்தாள். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை என்றதும் தலையை ஆட்டிப் புரிந்துகொண்டு, கறிக்குழம்பிலிருந்து கறியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு எனக்கு ஊற்ற வந்தாள். அன்றிலிருந்து எனக்கு ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைக்கோஸ். அந்த முட்டைக்கோஸைப் பற்றி மரியாதையாக எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. என்னை 'லவ்' என்று கூப்பிட்டாள். முதல் நாள் தூக்கிவாரிப் போட்டது. கரி போட வருகிறவரும் லவ், தபால்காரரும் லவ், பூனையும் லவ் என்று தெரிந்த பிறகு அந்தப் பயமும் போயிற்று.

பாத்திரத்துக்கு மட்டும் வழி தேட வேண்டியிருந்தது. வீடு விழிக்கும் முன், விடியற்காலையில் கீழே இறங்கிவிடுவேன். என் கப், தட்டு, முட்கரண்டி, எனக்குக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரம், எல்லாவற்றையும் விளக்குப் போடாமலே ஓடும் குழாயில் மூன்று தடவை அலசி வைப்பேன். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் எலும்புக்குள் போகும். விரல் மரத்துவிடும். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. இத்தனை லட்சம் பேர் வாழ்கிற ஊரில் சுத்தமானவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் கொஞ்சம் கதகதப்பு கொடுத்தது.

ஒருநாள் மிஸஸ் பார்க்கர் டிரெஸ்ஸிங் கவுனோடு வந்து நின்றுவிட்டாள்.

"அதெல்லாம் நேற்றே கழுவியாயிற்றே, லவ்."

"தெரியும், மேடம். இது என் பழக்கம்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவளுடைய சர்ச் தேநீர் விருந்தில்தான் புரிந்தது. என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வயதானவளுக்குச் சிரமம் தரக் கூடாது என்று இருட்டோடு எழுந்து பாத்திரம் கழுவித் தருகிற தங்கமான இந்தியர் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். ஒரு சீமாட்டி தன் மகனை இழுத்துவந்து, "இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்றாள். என் அருவருப்பைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு ஒரு தெருவே என்னைப் பாராட்டியது. நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து நன்றி சொன்னேன். உள்ளுக்குள் அவர்கள் அத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்த்தேன்.

நம்மவர்களையும் விட்டுவைக்கவில்லை. மாம்பலத்திலிருந்து வந்த ஒருவன், அறைக்கதவைத் தாளிட்டுக்கொண்டு தனியாக இருக்கும்போதுகூட உப்புமாவைக் கத்தியால் வெட்டி முட்கரண்டியால் குத்தித்தான் சாப்பிட்டான். யாருக்காக என்று கேட்டால், பயிற்சிக்காகவாம். இவனெல்லாம் போன மாதிரி திரும்ப மாட்டான், நான் திரும்புவேன் என்று நினைத்துக்கொள்வேன். ஜமால் ஞாயிறுதோறும் என் அறைக்கு வருவான். அவன் கோட்டில் பதனிடும் மருந்தின் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைப்பேன். மிஸஸ் பார்க்கர் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த ஒரு தடித்த கப்பில் அவனுக்கு டீ கொடுப்பேன். அவன் போன பிறகு அதையும் மூன்று தடவை அலசுவேன். அதற்கு நான் காரணம் தேடியதில்லை.

முதல் வருஷம் ஜனவரி மாதம். மிஸஸ் பார்க்கரின் கப்புகள் ஆறும் ஒரே மாதிரி ரோஜாப்பூ போட்டவை. என்னுடையது ஓரத்தில் தனியாக இருக்கும், விருந்தாளி என்ற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருந்தாலும் ஒருநாள் மாறிவிட்டால்? பூனைக்குப் பால் ஊற்றுகிற கப் எனக்கு வந்துவிட்டால்? நம் வீட்டு வழக்கப்படி பெயர் வெட்டிவிடுவதுதான் சரி என்று பட்டது. பீங்கானில், அதுவும் ஒருத்தியின் கல்யாணச் சீரில், காம்பஸ் முனையால் பெயர் கீறலாம் என்ற யோசனை நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. விடியற்காலையில் ஜியோமெட்ரி பெட்டியோடு இறங்கி, அன்று மட்டும் விளக்கைப் போட்டு, கப்பைக் கவிழ்த்தேன்.

அடியில் ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. சிவப்பாக, குங்குமப் பொட்டு அளவில். கம்பெனி முத்திரை என்று நினைத்து மற்ற ஐந்தையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. என் தட்டைத் திருப்பினேன், இருந்தது. முட்கரண்டியின் காம்பில், கத்தியின் காம்பில், உப்பு டப்பியில்கூட. நகச் சாயம். மிஸஸ் பார்க்கர் வாழ்நாளில் நகச் சாயம் பூசியவள் அல்ல. எனக்காகவே ஒரு சீசா வாங்கியிருக்கிறாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுடைய பேசினில் கொழுப்பு வாணலிக்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக இறங்குவது என் சாமான்கள்தான். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி, பரீட்சைக்கு ஆறு வாரம், ஊரெல்லாம் ஜன்னல் அட்டைகள். பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு பஸ் பிடித்து நேராக ஜமாலிடம் போனேன். போன வேகத்தில் கொட்டித் தீர்த்தேன். வாரத்துக்கு ஒரு நாள் குளிக்கிறவள், ஆட்டுக் கொழுப்புத் தண்ணீரில் கப்பை முக்கி எடுக்கிறவள், என் கப்புக்கு அடையாளம் வைக்கிறாளா? நான் தொட்டால் இவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? நான் யார், என் குலம் என்ன, இவள் யார்?

நான் மூச்சு வாங்கியதும் ஜமால், "உங்க வூட்டு டம்ளர் நசுங்கி இருந்துச்சு. இது முழுக் கப்பாத்தானே இருக்குது" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

"அது வேறடா" என்றேன். "அது ஆசாரம். அம்மா யாரையும் மட்டமா நினைச்சு அப்படிப் பண்ணலை. உன் மேல அவளுக்கு எவ்வளவு பிரியம்னு உனக்கே தெரியும்."

"தெரியும். நான் ஒண்ணும் சொல்லலையே."

"இது அவமானம். ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதே."

"மாடத்துல இருக்கறப்ப ஆசாரம், உன் கைக்கு வந்தா அவமானமா? சரி, விடு. நாலு வருஷம் அதுல குடிச்சேன், ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? நீ இன்னிக்கு ஒரு நாள் பார்த்துட்டு இந்தக் குதி குதிக்கறியே."

வாதத்தில் தோற்றவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். "செத்த மாட்டுத் தோல்ல கையை வெச்சுண்டு நிக்கறவனுக்கு ஆசாரம் எங்கேர்ந்து புரியும்?" என்றேன்.

அந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது. ஆனால் சொன்னவன் நான்தான். ஜமால் எழுந்து ஜன்னலருகே போனான். அங்கே திறக்காத எலுமிச்சை சோடா பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்தான்.

"எப்பவாச்சும் நீ வந்தா இருக்கட்டும்னு வாங்கி வெச்சது. எங்க கப்புல நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? குடிச்சிட்டுப் போ."

குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. நான் போயிருக்கலாம், போகவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிற வேலையே எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. அடுத்த வருஷம் அவனுடைய அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போய், அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று மாம்பலத்துக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மிஸஸ் பார்க்கர் வீட்டிலேயே மேலும் ஒன்றரை வருஷம் இருந்தேன். காய்ச்சலில் படுத்தபோது பார்லி கஞ்சி வைத்து மாடி ஏறிக் கொண்டுவந்தவள் அவள். எனக்கென்று மப்ளர் பின்னியவளும் அவள். சிவப்புப் பொட்டை மட்டும் அழிக்கவில்லை. அழிந்துபோனால் திரும்பவும் வைத்தாள். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்து, "இது உங்களுடையதுதான், லவ்" என்று அழுதாள். ரயிலில் பிரித்துப் பார்த்தேன். அந்தக் கப். கல்யாணச் சீரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாளா, இனி வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்று கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

அறுபத்தொன்றில் ஊர் திரும்பினேன். ஜங்ஷனுக்கு அண்ணா வந்திருந்தான். சிரித்தான், ஆனால் இரண்டடி தள்ளியே நின்றான். பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன். குதிரை வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியபோது கணக்குப் பார்த்துக்கொண்டேன். ஒரு துண்டு மாமிசம் தின்னவில்லை, ஒருவர் எச்சிலைத் தொடவில்லை. மரத்த விரலோடு அறுநூறு எழுநூறு காலை அலசியிருக்கிறேன். போனாற்போலவே வந்திருக்கிறேன் அம்மா என்று சொல்லப் போகிறேன். நேராக உள்ளே போய் உட்கார்ந்து, அவள் கையால் சாத்தமுது சாதம்.

அம்மா வாசலிலேயே நின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ரேழியிலயே உக்காந்துக்கோடா கண்ணா. உள்ள வராதே. நாளன்னிக்கு வாத்தியார் வரார். பிராயச்சித்தம் ஆயிடட்டும்."

"நான் எதுவும் சாப்பிடலைம்மா. எச்சல்கூட..."

"உன்னைத் தெரியாதா நேக்கு? நீ தப்பே பண்ணியிருக்க மாட்டே. வீதியில நாலு பேர் இருக்காளே. கடல் தாண்டினவன்தானேன்னு அவா கேட்டா நான் என்ன சொல்லறது?"

அந்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். ஜங்ஷனில் மாலை போட்டவர்கள்தான். அம்மா உள்ளே போய் மோர்ச் சொம்போடு வந்தாள். மாடத்திலிருந்து அந்த நசுங்கிய டம்ளரை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். எடுத்து நீட்டினேன். ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை, அவ்வளவு பழகிய கை. அண்ணாந்து குடித்தேன். யாரும் சொல்லாமலே எழுந்து போய், வாசல் குழாயில் டம்ளரை அலம்பி மாடத்தில் கவிழ்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பாரு, ஒண்ணும் மாறலை. போறாப்பலயே வந்திருக்கே" என்றாள். மனதாரச் சந்தோஷப்பட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் என் மேல்தான்.

மறுநாள் அண்ணாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போனேன். அத்தா இறந்துவிட்டதால் மண்டியில் ஜமால்தான் உட்கார்ந்திருந்தான். மூக்கைத் துளைக்கிற அதே வாடை. நான் மூக்கைப் பொத்தவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

"நேத்திக்கு. என்னடா இது, வாங்க போங்கன்னு?"

"சும்மாதாங்க. கடையில நாலு பேர் இருக்காங்கள்ல." கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, "சோடாக்காரரை வரச் சொல்லுங்க" என்றான்.

"சோடா வேண்டாம்" என்றேன். மூலையில் மண்பானையும் அதன்மேல் ஒரு டம்ளரும் இருந்தன. "அந்தப் பானைத் தண்ணி கொடு."

ஜமால் என்னை உற்றுப் பார்த்தான். "வூட்டுல சேர்த்துக்கிட்டாங்களா?"

"இல்லை. நாளைக்குப் பிராயச்சித்தம். ரேழியிலதான் இருக்கேன். உன் டம்ளர்லதான் குடிக்கறேன்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்து, மன்னித்துவிடு என்று கேட்டிருப்பேன். அதற்காகத்தான் பாலம் தாண்டி வந்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்தது பரிதாபம். மிஸஸ் பார்க்கரின் சிவப்புப் பொட்டைக்கூடத் தாங்கிக்கொண்ட என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் அதுல குடிச்சிட்டு சைக்கிள்ல எங்க வூட்டுக்குப் போயிடுவேங்க" என்றான். "நீங்க உங்க வூட்டுக்கு வந்துல்ல குடிக்கிறீங்க."

பாட்டிலோடு சோடாக்காரர் உள்ளே நுழைந்தார். நான் கையை உயர்த்துவதற்குள் கோலி 'டொப்'பென்று உள்ளே விழுந்து நுரை பொங்கியது.

"உடைச்சாச்சுங்க. குடிங்க" என்றான் ஜமால். நான் வாய் வைத்துக் குடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லோரும் பார்க்க. அவன் அதைப் பார்க்கவில்லை. யாரோ வியாபாரி வந்துவிட்டார், அவரோடு பேசப் போய்விட்டான்.

பிராயச்சித்தம் நடந்தது. பஞ்சகவ்யம் குடித்தேன், பூணூல் மாற்றினேன். தளிகை உள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கையால் சாப்பிட்டேன். சாத்தமுது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் குடித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் கால் தானாக ரேழிப் பக்கம் போகப் பார்த்தது. நாலாம் மாதம் லீட்ஸில் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றிலிருந்து உத்தியோகக் கடிதம் வந்தது. ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது அந்த நசுங்கிய டம்ளரை மாடத்திலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அது அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. பெரிய புரட்சி செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

இப்போது எனக்கென்று ஒரு சமையலறை உண்டு. குறியில்லாத கப்புகள் அரை டஜன் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்காக. ஜமாலுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். மண்டிக் காகிதத்தில், 'தங்கள் கடிதம் கிடைத்தது, இங்கு அனைவரும் நலம்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. அம்மாவும் எழுதினாள். வீட்டுச் செய்தியெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இப்படிச் சேர்த்திருந்தாள்: "ரேழி டம்ளரைக் காணோம். யாரோ எடுத்துண்டு போயிட்டா. பரவாயில்லை, புதுசா ஒண்ணு வாங்கி மாடத்துல வெச்சிருக்கேன். நீ அடுத்த தடவை வர்றச்சே வேணுமே."

குழாயடி ஜன்னல் விளிம்பில் இரண்டு பாத்திரங்கள் கவிழ்ந்திருக்கின்றன, ஒரு நசுங்கிய பித்தளை டம்ளரும் அடியில் சிவப்புப் பொட்டு வைத்த ரோஜாப்பூக் கப்பும். வெளியே மழை கொட்டுகிறது. காலையில் எழுந்ததும் அந்த இரண்டில் ஒன்றைத்தான் கை எடுக்கிறது. குடித்ததும் ஓடுகிற தண்ணீரில் மூன்று தடவை அலசி, மற்றக் கப்புகளோடு சேராமல், திரும்பவும் அங்கேயே கவிழ்த்து வைக்கிறேன்.